இடைக்கச்சை சொல்லும் சாட்சி



நமது மேசை இழுப்பறையில் ஓராண்டுக்கு மேலாகப் பச்சை நிறக் கச்சை ஒன்று மடித்த வாக்கில் கிடந்தது. பருத்தித் துணியைப் பல மடிப்பாக மடித்து வரிவரியாகத் தைத்தது; இரு விரல் அகலமே உடையது; கடையில் பெரிய விலை பெறாதது. ஆயினும் இழுப்பறையைத் திறக்குந்தோறும் அது நம்மைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பது போலிருந்தது. அக்கேள்வியையும், அதற்கு நாம் கண்ட விடையையும், அவ்விடையைக் காண்பதற்கு முன் நாம் செய்த பிழையையும் இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் இதனைப் பொறுமையோடு படிக்க வேண்டுகிறோம்.

2015ஆம் ஆண்டில் நாம் ஒரு சிற்றூர்ப் பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்தோம். ஆலயத்தின் பின்புறத்தில் ஒரு சமூகக் கூடம் உண்டு. திருமண விருந்துகளுக்கும் பங்குப் பேரவைக் கூட்டங்களுக்கும் அன்றி மற்ற நாள்களில் அது பூட்டியே கிடக்கும். ஒருநாள் மாலை நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நம்மைத் தேடி வந்தார். பகலெல்லாம் வெல்டிங் பட்டறையில் உழைப்பவர். கைகளில் தீப்பொறி பட்ட தழும்புகள் இருந்தன. “ஃபாதர், வாரத்தில் மூன்று நாள் மாலையில் கூடத்தைத் தந்தால் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுப்பேன். வாடகை தர வசதியில்லை. தினமும் கூட்டித் துடைத்து வைத்துவிடுவேன்” என்றார். நாம் இசைந்தோம். இசைந்ததில் நமக்குச் சிறிது பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்? இரண்டு மாதங்களுக்குள் முப்பது பிள்ளைகள் சேர்ந்துவிட்டனர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்று அழைத்தனர். நாமும் அவ்வாறே அழைக்கலானோம்.

மாலை வேளைகளில் கூடத்துத் தாழ்வாரத்தில் உலாவியவாறு செபிப்பது நம் வழக்கம். அப்போது அவ்வகுப்பைக் கவனிப்போம். வெள்ளுடை உடுத்த பிள்ளைகள் வரிசையாய் நிற்பர். இடையில் இருமுறை சுற்றி முடிச்சிட்ட கச்சை. அதனைப் பெல்ட் என்றே அவர்கள் சொல்வர். வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என அதன் நிறம் மாறும். உயர்ந்த நிறத்தார் ஒரு முனையிலும் புதிதாய்ச் சேர்ந்தோர் மறு முனையிலுமாக நின்று ஆசானுக்குத் தலைவணங்குவர். இவ்வரிசை தொடக்கத்தில் நமக்கு உவப்பாயில்லை. பந்தியில் ஆளுக்கோர் இடம் வைக்கும் கொடிய வழக்கத்தை நம்மூரில் போதுமான அளவு கண்டுவிட்டோமே, பிள்ளைகளிடையிலும் இது வேண்டுமா என்று மாஸ்டரிடம் ஒருநாள் கேட்டேவிட்டோம்.

அவர் சிரித்தார். “பெரியவன் சின்னவன் என்று காட்டுவதற்கு இல்லை, ஃபாதர். யாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்று தெரிவதற்கு. வெள்ளை பெல்ட் கட்டியவன் முன்னால் நின்றால், இவனுக்கு இன்னும் தடுக்கத் தெரியாது, கையை அடக்க வேண்டும் என்று எதிரில் நிற்பவனுக்குத் தெரியும். பச்சை வந்தபிறகுதான் நம் வகுப்பில் எதிராளியோடு தாராளமாக மோதிப் பழக விடுகிறேன். பச்சை கட்டியவனுக்குத் தடுக்கவும் தெரியும், விழவும் தெரியும் என்று அர்த்தம்” என்றார். அவ்விளக்கத்தைக் கேட்டுத் தலையசைத்தோம். ஆனால் அதன் முழுப் பொருளும் அன்று நம் உள்ளத்தில் இறங்கவில்லை.

பெற்றோர் சிலர் “இந்த பெல்ட்டெல்லாம் எங்கிருந்து வந்தது, சாமி?” என்று கேட்டபடியால் அதனைப் பற்றிச் சிறிது படித்தும் பார்த்தோம். இக்கச்சைகளின் வரலாறு பலரும் எண்ணுவதுபோல் மிகப் பழமையானதன்று. ஜப்பான் நாட்டில் 1860ஆம் ஆண்டு பிறந்த ஜிகோரோ கானோ என்னும் கல்வியாளர், 1882இல் தோக்கியோ நகரில் ஒரு பௌத்த ஆலயத்தின் சிறு பகுதியைப் பெற்று, கோடோக்கான் என்னும் ஜூடோப் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். பன்னிரண்டு பாய்கள் விரிக்கும் அளவே அங்கு இடமிருந்ததாம். அவருக்கு முன்னிருந்த தற்காப்புக் கலைக் குருகுலங்களில், பல்லாண்டுகள் பயின்ற மாணவனுக்குச் சுருள்தாளில் எழுதிய உரிமைப் பத்திரத்தை ஆசான் அளிப்பார். ஒரு பத்திரத்திற்கும் அடுத்ததற்கும் இடையே நெடுங்காலம் செல்லும். கானோ அதனை மாற்ற எண்ணினார். ‘கோ’ என்னும் பலகை விளையாட்டில் ஆட்டக்காரரின் திறனைக் குறிக்க அந்நாட்டில் பதினேழாம் நூற்றாண்டு முதல் வழங்கிய ‘டான்’ என்னும் படிமுறையைத் தம் கலைக்குக் கொண்டுவந்தார். 1883இல் சாய்கோ ஷிரோ, தோமிதா ட்சுனெஜிரோ என்னும் தம் மாணவர் இருவருக்கு முதலாம் டான் என்னும் நிலையை அளித்தார். தேறியவர் கறுப்புக் கச்சை அணியும் வழக்கம் அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னரே தோன்றியது.

பல நிறக் கச்சைகளோ ஐரோப்பாவில் பரவியவை. 1918இல் இலண்டனில் ஜூடோக் கழகம் நிறுவிய குன்ஜி கோய்சுமியும், 1935இல் பாரிசுக்குச் சென்ற மிக்கினோசுகே கவாய்ஷியும் அவ்வழக்கத்தோடு தொடர்புடையவர்கள். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என நிறங்கள் வரிசையாயின. கராத்தேயின் தாயகமான ஒகினாவாத் தீவில் முற்காலத்தில் கச்சை நிறம் என்பதே இல்லை. அங்கிருந்து 1922இல் தோக்கியோவுக்கு வந்த ஃபுனகோஷி கிச்சின், கானோவின் முறையைத் தழுவி 1924இல் தம் மாணவர் சிலருக்கு முதன்முறையாக டான் நிலை வழங்கினார். வெள்ளைக் கச்சையைத் துவைக்காமலே பல்லாண்டுகள் கட்டியதால் அது அழுக்கேறிக் கறுப்பாயிற்று என்று பிள்ளைகள் ஒரு கதை சொல்வதுண்டு. கேட்க இனிய கதை, வரலாறன்று.

இவற்றுள் நம் கருத்தைக் கவர்ந்தது ஒரு சொல். முதற் கறுப்புக் கச்சைக்குரிய நிலையை ஜப்பானியர் ‘ஷோடான்’ என்பர். தொடக்கப்படி என்பது அதன் பொருள். நாமோ கறுப்புக் கச்சை என்றால் எல்லாம் கற்று முடித்தவர் என்று எண்ணுகிறோம். அதற்குரியவர்கள், இப்போதுதான் இவன் கற்கத் தகுதி பெற்றான் என்கிறார்கள்! கீழ்நிலைகளுக்குரிய ‘கியூ’ என்னும் எண்கள் இறங்கிக்கொண்டே வந்து ஒன்றில் முடியும். அதன்பின் டான் எண்கள் ஒன்றிலிருந்து ஏறத் தொடங்கும். ஓர் ஏணி முடிந்த இடத்தில் மற்றோர் ஏணி தொடங்குகிறது.

இவற்றையெல்லாம் படித்து அறிந்திருந்தும் நாம் பிழை செய்தோம். அதனை இனிச் சொல்கிறோம்.

2016ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கச்சைத் தேர்வு நடைபெற்றது. அடிப்படை அசைவுகள், கட்டா என்னும் வரிசைமுறை, பின்னர் எதிராளியோடு பயிற்சி என மூன்றிலும் ஒவ்வொரு பிள்ளையையும் மாஸ்டர் சோதித்தார். ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு வந்த எண்மரில் எழுவர் தேறினர். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தேறவில்லை. அவனைத் தம்பி என்றே இங்குக் குறிப்பிடுவோம். அவனுடைய தந்தை மஸ்கட்டில் கட்டட வேலை செய்பவர். இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் வருபவர். அவ்விடுப்பு முடியும் வாரத்தில்தான் இத்தேர்வு அமைந்தது. பச்சை பெல்ட் வாங்கிக் காட்டுகிறேன் என்று தொலைபேசியில் பலமுறை தந்தையிடம் சொல்லிவைத்திருந்தான் சிறுவன்.

சனிக்கிழமை இரவு அவன் தாய் பங்கு இல்லத்திற்கு வந்தார். “சாமி, அவர் திங்கட்கிழமை விமானம் ஏறுகிறார். இனி இரண்டு வருடம் கழித்துத்தான் பிள்ளையைப் பார்ப்பார். பையன் சாப்பிடாமல் படுத்திருக்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் மாஸ்டர் தட்டமாட்டார்” என்று முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார். நம் மனம் இளகிற்று. தந்தையின் முகத்தை ஆண்டில் ஒருநாளும் காணாமல் வளரும் பிள்ளைகள் அவ்வூரில் எத்தனை பேர் என்பதை அறிந்திருந்தோம். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் மாஸ்டரை அழைத்துப் பேசினோம்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “நல்ல பையன்தான், ஃபாதர். கட்டா அழகாகச் செய்கிறான். ஆனால் பின்வாங்கும்போது கால் பின்னிக்கொள்கிறது. விழும்போது கையை ஊன்றுகிறான். மூன்று மாதம் பொறுத்தால் திருத்திவிடுவேன்” என்றார். நாம் என்ன விடை கூறினோம் தெரியுமா? சட்டத்தைவிட அன்பு பெரிதென்றோம். ஒரு முழத் துணியின் நிறம் மாறுவதால் யாருக்கு என்ன நட்டம் என்றோம். ஒரு தந்தையின் மகிழ்ச்சிக்கு விலையுண்டோ என்றோம். பிரசங்கம் செய்து பழகிய நாவுக்குச் சொற்பஞ்சம் ஏது? கடைசியில் அவர், “கூடம் உங்களுடையது, ஃபாதர். நீங்கள் சொன்னால் சரி” என்றார். அச்சொல்லை நாம் இசைவு என்று எடுத்துக்கொண்டோம். வாடகையின்றி நம் கூடத்தில் நின்று கற்பிக்கும் ஏழைத் தொழிலாளி ஒருவர், நம்மிடம் வேறு எந்தச் சொல்லைச் சொல்லியிருக்க இயலும் என்பதை அவ்வேளையில் எண்ணிப் பார்க்கவில்லை.

அன்று மாலை கச்சை வழங்கும் விழா. எல்லாப் பிள்ளைகளுக்கும் மாஸ்டர் தம் கையாலேயே கொடுத்தார். தம்பியின் முறை வந்தபோது மட்டும் பச்சைக் கச்சையை இரு கைகளாலும் ஏந்தி நம்மிடம் வந்து, “நீங்களே கொடுங்கள், ஃபாதர்” என்றார். நமக்குச் செய்யும் மரியாதை அது என்று மகிழ்ந்தோம். தந்தை கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சிறுவன் தலைகுனிந்தே நின்றான். அடக்கமான பிள்ளை என்று அதற்கும் ஒரு நல்ல பொருளையே கற்பித்துக்கொண்டோம்.

நவம்பர் மாதத்தில் ஒருநாள் மாலை கூடத்திலிருந்து கூக்குரல் கேட்டது. ஓடிச்சென்று பார்த்தோம். பச்சைக் கச்சையினர் இருவர் இருவராக மோதிப் பழகும் நேரம் அது. தம்பிக்கு எதிரே நின்றவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. அவள் முன்னேறி உதைக்க, இவன் பின்வாங்கியிருக்கிறான். கால் பின்னிக்கொண்டது. விழும்போது இடக்கையைப் பின்னால் ஊன்றினான். மணிக்கட்டெலும்பு முறிந்துவிட்டது. மாஸ்டர் அவனைத் தம் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தார். சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்த அச்சிறுமி நம்மைக் கண்டதும், “பச்சை பெல்ட் கட்டியிருந்தானே சாமி, அவனுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் வேகமாக உதைத்தேன்” என்று விம்மினாள்.

வாசகரே, ஒரு முழத் துணியால் யாருக்கு என்ன நட்டம் என்று நாம் கேட்ட கேள்விக்கு அவள் விடை கூறிவிட்டாள். அவன் இடையிலிருந்த கச்சை அவளிடம் பேசியிருக்கிறது. “இவனுக்குத் தடுக்கத் தெரியும், விழத் தெரியும், நீ அஞ்சாமல் உதைக்கலாம்” என்று அது சொல்லியிருக்கிறது. அவள் அதனை நம்பினாள். அவள் நம்பியது துணியையன்று; கொடுத்தவரின் சொல்லை. அச்சொல்லோ பொய். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பில் கற்பித்த நாமே, ஒரு சொல்லும் பேசாமல், பச்சைத் துணி ஒன்றைக் கையளித்துப் பொய்ச்சாட்சி சொல்லியிருந்தோம்.

கட்டுப் போட்ட கையோடு வீட்டிலிருந்த சிறுவனைக் காணச் சென்றோம். வலிக்கிறதா என்று வினவினோம். இல்லையென்றான். சிறிது நேரங்கழித்து, தாய் அடுப்பங்கரைக்குச் சென்ற பின்னர், தாழ்ந்த குரலில், “நான் பச்சை இல்லை என்று எனக்கு முன்னமே தெரியும், சாமி” என்றான். அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “நீங்கள் அல்லவா கொடுத்தீர்கள்?” என்றான். அதில் குற்றச்சாட்டின் தொனி இல்லை. அதனாலேயே அது நம் உள்ளத்தில் ஆழ இறங்கிற்று. இரண்டு மாத காலம் அப்பிள்ளை ஒவ்வொரு மாலையும் அந்தக் கச்சையைக் கட்டிக்கொண்டு, தன்னினும் தேறியவர் நடுவே, தனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் நடித்து நின்றிருக்கிறான். பரிவு என்று நினைத்து நாம் அவன்மேல் சுமையை ஏற்றியிருந்தோம்.

அன்றிரவே மாஸ்டரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் எழுந்து நின்று, “தப்பு என்னுடையதும்தான், ஃபாதர். மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். கூடம் போய்விடுமே என்று பயந்தேன். என் கையால் கொடுக்க மனம் வராமல்தான் உங்கள் கையில் கொடுத்தேன்” என்றார். அவர் செய்தது மரியாதையன்று என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது. இனி வகுப்பைப் பற்றி நாம் ஒரு சொல்லும் சொல்வதில்லை என்றும், கூடம் எக்காரணத்தாலும் அவரிடமிருந்து பறிக்கப்படாது என்றும் வாக்களித்தோம். அவ்வாக்கைப் பங்குப் பேரவையின் குறிப்பேட்டிலும் எழுதச் செய்தோம்.

அந்நாள்களில் நம் குருமட வாழ்வு அடிக்கடி நினைவுக்கு வந்தது. திருத்தொண்டர் பட்டத்திற்கு நம் தோழர்கள் அழைக்கப்பட்டபோது, நம்மை மட்டும் ஓராண்டு பொறுக்குமாறு அதிபர் கூறிவிட்டார். “பிறர் சொல்வதை முழுவதும் கேளாமலே விடை சொல்லிவிடுகிறீர். ஒரு பங்கில் ஓராண்டு தங்கிக் கேட்கப் பழகி வாரும்” என்றார். அன்று நாம் அடைந்த வெட்கம் சிறிதன்று. வீட்டாருக்கு என்ன சொல்வதென்று இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடந்தோம். ஆனால் குருப்பட்ட நாளில், இவர் தகுதியுள்ளவர் என அறிவீரோ என்று ஆயர் வினவ, விசாரித்து அறிந்தேன், சாட்சி கூறுகிறேன் என்னும் பொருள்பட அதே அதிபர் மறுமொழி கூறியபோது, அவருடைய சொல்லை நாம் முழுமையாக நம்ப முடிந்தது. இல்லை என்று சொல்லத் தெரிந்தவரின் ஆம் அது. மாஸ்டர் சொல்லியதை முழுவதும் கேளாமல் விடை கூறிய அன்று, முன்பு நம்மை ஓராண்டு நிறுத்திவைத்த அதே குறை மீண்டும் தலைதூக்கியிருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

இதுகாறும் கூறியதைக் கேட்டு, மறுப்பதே நேர்மை என்று எவரும் முடிவு கட்டிவிட வேண்டா. தகாதவனுக்குக் கொடுப்பது பொய்ச்சாட்சியாயின், தகுந்தவருக்கு மறுப்பதும் பொய்ச்சாட்சியே. அதற்கும் ஜூடோ வரலாற்றிலேயே ஒரு சான்றுண்டு.

கெய்கோ ஃபுகுடா என்னும் அம்மையார் 1913இல் தோக்கியோவில் பிறந்தவர். இளம்வயதுக் கானோவுக்குக் கலை பயிற்றிய ஆசான் ஒருவரின் பேத்தி. கானோவின் அழைப்பை ஏற்று 1935இல் கோடோக்கானின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். திருமணம் செய்துகொண்டால் கலையைக் கைவிட நேரும் என்று அறிந்து மணம் வேண்டாமென்று ஒதுக்கினார். 1953இல் ஐந்தாம் டான் நிலையை எய்தினார். அதற்குமேல் பெண்டிருக்கு அங்கு வழியில்லை. அவருக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று யாரும் சோதித்துச் சொன்ன முடிவன்று அது. பெண் என்பதே காரணம். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதே நிலையில் நிறுத்தப்பட்டார்.  அவரோ பாயை விட்டு இறங்கவில்லை. அமெரிக்கா சென்று சான் பிரான்சிஸ்கோ நகரில் தங்கிப் பெண்களுக்குக் கற்பித்துக்கொண்டே இருந்தார்.

1970களின் தொடக்கத்தில்தான் அத்தடை நீங்கி ஆறாம் டான் அவருக்குக் கிட்டியது. ஒலிம்பிக் போட்டியில் ஆடவர் ஜூடோ 1964இல் இடம்பெற்றது. மகளிர் ஜூடோ பதக்கத்திற்குரிய போட்டியாக ஆவதற்கு 1992 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 2006இல் கோடோக்கான் அவருக்கு ஒன்பதாம் டான் அளித்தது. 2011இல் அமெரிக்க நாட்டு ஜூடோ அமைப்பு பத்தாம் டான் அளித்தபோது அவருக்கு வயது 98. 2013இல் தமது 99ஆம் வயதில் காலமானார். முதுமையிலும் மாணவியருக்குக் கற்பித்து வந்தார். ஐந்தாம் கச்சையோடு அவர் நின்ற அந்த இருபது ஆண்டுகளில் குறை யாரிடம் இருந்தது? கச்சை அணிந்தவரிடமா, அளிக்க மறுத்தவரிடமா?

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். தம்பியிடம் மாஸ்டர் சொல்ல விரும்பியது, “இன்னும் இல்லை” என்பது. ஃபுகுடா அம்மையாரிடம் சொல்லப்பட்டது, “என்றும் இல்லை” என்பது. ஒன்று அப்பிள்ளையை உற்றுப் பார்த்துச் சொல்லப்பட்டது. எதைத் திருத்தினால் வாயில் திறக்கும் என்பதும் அதிலேயே அடங்கியிருந்தது. மற்றொன்று ஆளையே பார்க்காமல் சொல்லப்பட்டது. எவ்வளவு திருத்தினாலும் திறவாத வாயில் அது. முன்னதைத் தடுத்தது நம் பிழை. பின்னதைத் தடுக்காதிருப்பதும் பிழையே. நம் வீடுகளில் மகனுக்குத் தகுதியின்றியே கொடுத்துவிட்டு, மகளுக்குத் தகுதியிருந்தும் மறுக்கிறோமே, அங்கும் இவ்விரு பொய்ச்சாட்சிகளும் ஒரே கூரையின்கீழ் வாழ்கின்றன அல்லவா?

தம்பியின் கதையை முடித்துவிடுவோம். 2017 ஜனவரியில் கைக்கட்டு அவிழ்க்கப்பட்டது. ஒருநாள் மாலை நம் அறைக்கு வந்து பச்சைக் கச்சையை மேசைமேல் வைத்து, “நீங்களே வைத்திருங்கள், சாமி” என்றான். இடையில் பழைய ஆரஞ்சுக் கச்சை கட்டியிருந்தான். அன்று கூடத்தில் சில பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்தனர். அவனை உதைத்த அச்சிறுமி சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்தபின் விழும் முறையை அவனோடு சேர்ந்து திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருந்தாள்.

தந்தையிடம் உண்மையைச் சொல்வதுதான் அவனுக்குப் பெரும் பாடாயிற்று. நாம் உடனிருக்க, தாயின் தொலைபேசியில் அவனே பேசினான். தான் தேறவில்லை என்பதையும், நாம் கேட்டு வாங்கித் தந்ததையும், இப்போது மீண்டும் ஆரஞ்சு கட்டியிருப்பதையும் ஒரே மூச்சில் ஒப்பித்தான். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு தந்தை கேட்டது ஒன்றே: “கை இன்னும் வலிக்கிறதாடா?” அந்த மனிதருக்குப் பச்சையும் ஆரஞ்சும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. எந்த மகிழ்ச்சிக்கு விலையில்லை என்று நாம் வாதாடினோமோ, அது கச்சையில் இருக்கவேயில்லை.

செப்டம்பர் மாதத் தேர்வில் அவன் மறுபடியும் தேறவில்லை. “இன்னும் இல்லை, தம்பி. ஆனால் கால் இப்போது பின்னவில்லை” என்றார் மாஸ்டர். “சரி, மாஸ்டர்” என்று வணங்கிவிட்டு வரிசைக்குத் திரும்பினான். அன்றிரவு அவன் தாய் பங்கு இல்லத்திற்கு வந்தபோது நாம் சற்று அஞ்சினோம். அவரோ, “எதுவும் கேட்க வரவில்லை, சாமி. பையன் நன்றாகச் சாப்பிட்டான் என்று சொல்லிவிட்டுப் போக வந்தேன்” என்றார்.

2018 மார்ச் மாதத்தில் தேறினான். மாஸ்டர் வந்து அந்தப் பழைய கச்சையைக் கேட்டார். இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். விழாவில் அவர் முன்போலவே அதனை நம்மிடம் நீட்டினார். இம்முறை முகத்தில் புன்னகை இருந்தது. “நீங்களே கொடுங்கள், மாஸ்டர், பார்த்தவர் நீங்கள்” என்று கூறி ஒதுங்கி நின்றோம். சிறுவன் நிமிர்ந்து நின்று பெற்றுக்கொண்டான். அவ்வாண்டு மே மாதத்தில் மாறுதல் பெற்று வேறு பங்கிற்குச் சென்றோம். கூடத்தின் திறவுகோல் மாஸ்டரிடமே இருந்தது.

பெற்றோரே, ஆசிரியரே, உங்கள் கையிலும் கச்சைகள் உண்டு. மதிப்பெண் அட்டை ஒரு கச்சை. ஆண்டுவிழாப் பரிசு ஒரு கச்சை. “என் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்” என்று நீங்கள் பிறரிடம் சொல்லும் சொல்லும் ஒரு கச்சையே. கொடுக்குமுன் ஒருகணம் உற்றுப் பாருங்கள். நீங்கள் கொடுப்பதை நம்பி நாளை வேறொரு பிள்ளை உங்கள் பிள்ளைக்கு எதிரே வந்து நிற்கும். தகுந்தவருக்கு ஒருநாளும் தாமதியாதீர்கள். தகுதி வராதவரிடம் “இன்னும் இல்லை” என்று சொல்ல அஞ்சாதீர்கள். ஆனால் எங்கே திருத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது திருந்தும்வரை அருகிலேயே இருங்கள்.

உண்மையை இடைக்கச்சையாகக் கட்டிக்கொள்ளுமாறு எபேசு நகரத்தாருக்குப் பவுலடியார் எழுதினார். அவ்வாசகத்தை ஆலயத்தில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். இப்போது வாசிக்கும்போதெல்லாம், சுவரோரம் நின்று விம்மிய அச்சிறுமியின் முகம் நம் கண்முன் வருகிறது.